நாலு நிமிஷமும் பதினோரு செகண்டும்

வாங்க அம்மிணி, செருப்போடவே வாங்க, பரவால்லீங்க. சேலத்துல இருந்து பஸ்ஸுலயா வந்தீங்க? எடுத்துட்டுப் போறதுக்கு வண்டி சொல்லியிருக்கீங்களா? நல்லதுங்க. மானிட்டர் மட்டுமே முப்பது கிலோ வரும். எல்லாம் அந்த ரூம்ல இருக்குது, பொறவு பாத்துக்கலாம். மொதல்ல உக்காருங்க. எங்க வீட்டுல காப்பி போட்டுட்டு இருக்கறா.

போன்ல நீங்க ஒண்ணு கேட்டீங்க. இவ்வளவு பாடுபட்டு உசுரு குடுத்த மெஷினை ஏனுங்க சார் சும்மா தர்றீங்கன்னு. நம்ம பழைய கம்ப்யூட்டர் வாட்ஸப் குரூப்புலயும் நெம்பப் பேரு கேட்டாங்க. நான் யாருக்கும் பதிலு போடலை. நீங்க காலேஜுல கண்ணாடி ரூமுக்குள்ள நாலு பேரு பாக்கற மாதிரி வெக்கப் போறீங்க. வெக்கறவங்களுக்கு அதோட கதை தெரியோணும். அதனால சொல்லிப் போடறேன்.

இது என்ற மெஷின் இல்லீங்க. இன்னாசியோடது. இன்னாசிமுத்து. திண்டுக்கல் பக்கத்து ஆளு. ஆவாரம்பாளையத்துல ஒரு பம்பு கம்பெனியில நானும் அவனும் ஒரே நாள் டிராயிங் செக்சன்ல சேந்தோம். என்ற பேரு குழந்தைவேலுங்களா, அவன் மொத நாளே "கொழந்தெ"ன்னு கூப்புட ஆரம்பிச்சுட்டான். எம்.டி. நிக்கும்போதும் கொழந்தெதான். என்ற கல்யாணத்துல மேடையில ஏறி, "கொழந்தைக்குக் கல்யாணம் பண்ணி வெக்கறீங்களே, சட்டம் ஒத்துக்குமா?"ன்னான். எங்கப்பன் மூஞ்சியப் பாக்கோணும் நீங்க.

தொண்ணூத்தஞ்சுல கம்பெனிக்கு ரெண்டு மெஷின் வந்துச்சு. ஒண்ணு இது, யூனிக்ஸ் வொர்க்ஸ்டேஷன். இன்னொண்ணு சாதாரண பிசி. இது இன்னாசி மேசைக்குப் போச்சு, பிசி எனக்கு வந்துச்சு. சும்மா அப்படி அமைஞ்சது. அவனுக்கு பிசி குடுத்திருந்தா அவன் பிசி கட்சியா ஆயிருப்பான், நான் யூனிக்ஸ் கட்சியா ஆயிருப்பேன். ஆனா மனுசன் அப்படி நெனைக்கறானுங்களா? முப்பது வருசம் சண்டை போட்டோமுங்க. கேன்டீன்ல, பஸ்ஸுல, அவன்ற மக ஞானஸ்நானத்துல, எங்க வீட்டு சீருல.

"உன் பிசி டவுன்பஸ்ஸுடா கொழந்தெ. எவன் வேணா ஏறுவான், எங்க வேணா நின்னுரும். என்னுது ரயிலு."

"உன்ற ரயிலு கெளம்பறதுக்குள்ள நான் ஈரோடு போயிட்டுத் திரும்பி வந்துருவேன் போடா."

அது நெசமுங்க. இது ஆன் பண்ணினா எந்திரிக்க நாலு நிமிஷம் ஆகும். நான் வாட்சு வெச்சுப் பாத்திருக்கறேன். நாலு நிமிஷம், சில நாளு அஞ்சு. அதை வெச்சு அவனை எத்தனை கேலி பண்ணியிருப்பேன்! அவன் அசர மாட்டான். பட்டனைத் தட்டிட்டு டீ குடிக்கப் போயிருவான். "நல்ல மாடு மெதுவாத்தாண்டா எந்திரிக்கும்"பான்.

ரெண்டாயிரத்து ஏழுல கம்பெனி இதைக் கழிச்சுக் கட்டுச்சு. பழைய இரும்போட போக வேண்டியது. இன்னாசி மேனேஜர்கிட்டக் கேட்டு வாங்கி, ஆட்டோவுல வெச்சு வீட்டுக்குக் கொண்டு போயிட்டான். கீபோர்டு, மவுசு, மவுசு ஓடறதுக்குன்னு ஒரு கட்டம் போட்ட தகடு, ஒண்ணு விடலை. மேல அட்டாலிப் பரண்ல ஏத்தி வெச்சுப் போர்வை போத்தினவன் பொறவு தொடவே இல்லை. பொண்ணு படிப்பு, கல்யாணம்னு பொழப்பு ஓடிப்போச்சு.

ரிட்டயர்டு ஆகி மூணாவது வருசம் அவனுக்கு மறதி வந்துச்சு. மொதல்ல நாங்க சிரிச்சோம். வண்டிச் சாவியை அரிசி டப்பாவுல போட்டு வெச்சான். ஒருக்கா எங்க வீட்டுக்கு வர்றதுக்கு வழி தெரியாம கணபதி பஸ் ஸ்டாப்புல உக்காந்திருந்தான். எத்தனை வருசம் வந்த வழிங்க அது! பொறவு டாக்டர் படமெல்லாம் எடுத்துப் பாத்துட்டு, இது வெறும் மறதி இல்லை, மறதி நோயி, ஏறிட்டேதான் போகும்னுட்டார். அறுவத்தோரு வயசு. கொஞ்ச நாள்ல என்ற பேரும் போயிருச்சு. பாத்தாச் சிரிப்பான். யாருன்னு தெரியாது.

ஸ்டெல்லா, அவன் சம்சாரம், ஸ்கூல்ல டீச்சரா இருந்தவங்க, நெம்பத் தைரியசாலி. அவங்கதான் ஒருநாள் போன் பண்ணி, "அண்ணா, அந்தப் பழைய மெஷினு அட்டாலியில இருக்கு, நீங்க எடுத்துக்கங்க. அவர் இனிமேல் தொடப் போறதில்ல"ன்னாங்க.

எடுத்துட்டு வந்தேன். வீம்பா ஒரு எண்ணம் வந்துச்சு, இதை ஓட வெச்சுப் பாக்கோணும்னு. உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, இந்த மெஷின்ல கடிகாரச் சிப்புக்குள்ளயே பேட்டரி இருக்கும். அது தீந்துபோனா, தான் யாருங்கறதே மெஷினுக்கு மறந்துபோகும். சிப்பு முதுகை அரத்துல ராவி, உள்ள இருக்கற கம்பியைக் கண்டுபுடிச்சு, வெளிய இருந்து ஒரு பட்டன் பேட்டரி வெச்சுப் பத்தவெச்சேன். பவர் சப்ளையில கெப்பாசிட்டர் எல்லாம் வயிறு வீங்கிக் கெடந்துச்சு, அத்தனையும் மாத்தினேன். மானிட்டர் கேபிளு நம்ம குரூப்புல மைசூர்க்காரர் ஒருத்தர் அனுப்பி வெச்சாரு. ரெண்டு மாசம் ஆச்சுங்க. ஒரு மத்தியானம் ஆன் பண்றேன், ஹார்ட் டிஸ்க்கு "ஙொய்ய்ய்"னு ஒரு சத்தம் போட்டுச்சு பாருங்க, கொசு பெருசானா எப்படிக் கத்தும், அப்படி. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு ஆவாரம்பாளையம் டிராயிங் ஹாலே முன்னால வந்து நின்னுச்சு. நாலு நிமிஷங் கழிச்சு ஸ்கிரீன்ல பேரு கேட்டுச்சு. இன்னாசியோட லாகின் பேரும் பாஸ்வேர்டும் எனக்கெப்படித் தெரியும்? பாத்தா ஞாபகம் வந்தாலும் வரும்னு, போன் பண்ணி ஸ்டெல்லாவை அவனைக் கூட்டிட்டு வரச் சொன்னேன்.

ஞாயித்துக்கிழமை. மூணு மணி இருக்கும். ஆட்டோவுல வந்து எறங்கினாங்க. அவன் கூச்சமா, புது எடத்துக்கு வந்த ஒறம்பரையாட்ட நிக்கறான். கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி நாற்காலியில உக்கார வெச்சேன்.

அம்மிணி, அவன் ஸ்கிரீனைப் பாக்கவே இல்லை. தலையைச் சாச்சு அந்தச் சத்தத்தைக் கேட்டான். பொறவு கை ரெண்டும் தானா எந்திரிச்சு கீபோர்டு மேல உக்காந்துச்சு. பேரு அடிச்சான். பாஸ்வேர்டு அடிச்சான். வரிசையா என்னமோ அடிச்சான், பிழையே இல்லை. இம்ப்பெல்லர் டிராயிங் ஒண்ணு தெறந்துச்சு. பம்புக்குள்ள சுத்தற சக்கரம் இருக்குதுங்களே, அது. அதை மவுசால இப்படித் திருப்பி அப்படித் திருப்பிப் பாத்துட்டு, என்ற பக்கம் திரும்பறான்.

"றெக்கைச் சாய்வு இருபத்திரெண்டு டிகிரிதான் சரின்னு அப்பவே சொன்னேன்ல. நீதான் இருபத்தஞ்சு, இருபத்தஞ்சுன்னு நின்ன. கேட்டியாடா கொழந்தெ?"

ஸ்டெல்லா வாயைப் பொத்திட்டு வெளிய போயிட்டாங்க. எட்டு மாசத்துக்கு அப்புறம் என்ற பேரு சொல்றானுங்க.

அதுல இருந்து ஞாயித்துக்கிழமை தவறாது. மூணு மணிக்கு ஆட்டோ வரும். நாங்க ரெண்டு பேரும் உள்ள உக்காந்துக்குவோம். நாலு நிமிஷம் அது எந்திரிக்கற வரைக்கும் அவன் ஒண்ணும் பேச மாட்டான், என்ற முழங்கை மேல கையை வெச்சுட்டு இருப்பான். ஓட ஆரம்பிச்சா நான் கொழந்தெ. பிசியைத் திட்டுவான், டவுன்பஸ்ஸும்பான், நானும் விட மாட்டேன். அஞ்சு மணிக்கு எங்க வீட்டுல பஜ்ஜி போட்டுக் குடுப்பா. அவன் எந்திரிச்சா நான் மறுக்கா யாரோதான். ஆனா அந்த ரெண்டு மணி நேரம் அவன் இன்னாசிங்க. முழு இன்னாசி. ஸ்டெல்லா எங்க வீட்டுக்காரிகூட அடுப்படியில உக்காந்து, "வாரத்துல இந்த ரெண்டு மணி நேரந்தாங்க்கா நான் மூச்சு விடறேன்"னு சொல்லுவாங்களாம். அஞ்சு மாசம் அப்படி ஓடுச்சு.

இதுக்கு மேலதான் என்ற தப்பு. ஒரே ஒரு தப்புத்தானுங்க பண்ணினேன், அதைச் சொல்றேன் கேளுங்க.

இருபத்தெட்டு வருசத்து டிஸ்க்கு. சத்தம் வர வர ஏறிட்டே இருந்துச்சு. இன்னைக்குப் போகுமோ நாளைக்குப் போகுமோன்னு எனக்குப் பயம். அது போயிட்டா இன்னாசி போயிருவானே! சரி, உள்ள இருக்கறதை அத்தனையும் பத்திரமா என்ற பிசிக்கு மாத்திரலாம்னு முடிவு பண்ணினேன். மாத்தறதோட நிக்காம, பழைய மெஷினாட்டவே நடிக்கற புரோகிராம் இருக்குதில்லீங்களா, அதைப் போட்டு, இவன்ற மெஷினை அப்படியே என்ற பிசிக்குள்ள ஒரு ஜன்னல்ல ஓட்டிக் காட்டிரலாம்னு. ஆமாங்க, ஒளிக்கறதுக்கு என்ன இருக்குது, முப்பது வருசத்துச் சண்டை. அவன் ஜாம்பவான் மெஷினு என்ற டவுன்பஸ்ஸுக்குள்ள ஒரு சீட்டுல உக்காந்திருக்கறதை அவன் பாக்கோணும். பாத்து, "சரிடா, நீ செயிச்சுட்டடா கொழந்தெ"ன்னு ஒருக்கா சொல்லோணும். அவ்வளவுதான் ஆசை. அவனுக்கு நெனவு இருக்கறப்பவே கேட்டுக்கோணும்னு இருந்துச்சு.

நெட்வொர்க் வழியாவே காப்பி எடுத்திருக்கலாமேங்கறீங்க. உங்க மூஞ்சியிலயே தெரியுது. எடுத்திருக்கலாமுங்க. ஒம்பது மணி நேரம் ஆகும். டிஸ்க்கைக் கழட்டி என்ற பிசியில மாட்டினா நாப்பது நிமிஷம். கழட்டிட்டேன்.

காப்பி நல்லாத்தான் வந்துச்சு. ஒரு ஃபைல் சேதாரமில்லை. டிஸ்க்கைத் திரும்ப மாட்டாம அப்படியே மேசையில வெச்சுட்டேன். ஆனா அந்த டிராயிங் புரோகிராமு என்ற பிசிக்குள்ள ஓடவே மாட்டேன்னுச்சு. ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டு, "ரெண்டு ஞாயித்துக்கிழமை வராதீங்கம்மா, ஒரு வேலை பண்ணிட்டிருக்கேன், சர்ப்ரைஸு"ன்னேன். ரெண்டு வாரம் நாலு வாரம் ஆச்சு. நாலு ஆறாச்சு. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் உக்காந்திருப்பேனுங்க, முதுகு ஒடிஞ்சு போச்சு. அத்தனையும் அவனுக்காகத்தான்.

நடுவுல ஸ்டெல்லா கூப்புட்டாங்க. "அண்ணா, ரெண்டு மணிக்கே சட்டை மாத்திட்டு வாசல் கேட்டுகிட்ட போய் நிக்கிறார். எங்க போகணும்னு கேட்டா சொல்லத் தெரியல. ஆனா நிக்கிறார்"ன்னாங்க. நான் சொன்னேன், "இன்னும் கொஞ்சந்தாம்மா, கிராபிக்ஸு மட்டும் பாக்கி"ன்னு. மறு வாரமும் கூப்புட்டாங்க. நாலாவது வாரம் அவன் நிக்கறதில்லைன்னு சொன்னாங்க. எனக்கும் அப்பாடான்னு இருந்துச்சு, அவனுக்குச் சிரமம் இல்லைன்னு.

எங்க வீட்டுலயும் சொன்னா. "மெஷினு ஓடலைன்னா என்ன, அவரை வரச் சொல்லுங்க, பஜ்ஜி தின்னுட்டுப் போகட்டும்"னு. மெஷின் இல்லாம அவன் வந்து என்ன பண்ணுவான்? பொம்பளைங்களுக்கு இதெல்லாம் எங்கங்க புரியுது. தப்பா நெனச்சுக்காதீங்க அம்மிணி, உங்களைச் சொல்லலை.

ஏழாவது ஞாயித்துக்கிழமை வரச் சொன்னேன். மேசையில இடது பக்கம் இது, வலது பக்கம் என்ற பிசி, பெரிய ஸ்கிரீன். நம்ம குரூப்புல போடறதுக்கு போனை ஒரு ஸ்டாண்டுல நிறுத்தி வீடியோ ஆன் பண்ணி வெச்சேன். ஸ்டெல்லா அவனை ஒரு கையில புடிச்சுட்டு வந்தாங்க. மெலிஞ்சு போயிருந்தான். உக்கார வெச்சேன். "இன்னாசி, எண்ணுடா"ன்னு சொல்லிட்டு பட்டனைத் தட்டினேன்.

பதினோரு செகண்டு! நாலு நிமிஷம் எங்க, பதினோரு செகண்டு எங்க! அதே ஸ்கிரீனு, அதே எழுத்து, கலரு கூட மாறலை. இம்ப்பெல்லர் படத்தை நானே தெறந்து சுத்தி விட்டேன். தண்ணி ஓடறாப்புல சுத்துது.

"எப்படிடா? இப்பச் சொல்லு, எது ஒசத்தி?"

அவன் கை ரெண்டும் மடியில இருந்துச்சு. ஸ்கிரீனைப் பாத்தான், என்னைப் பாத்தான், சிரிச்சான்.

"நல்லாருக்குங்க"ன்னான்.

ங்க-ன்னு சொன்னானுங்க அம்மிணி. முப்பத்தஞ்சு வருசத்துல அவன் வாயில இருந்து எனக்கு ஒரு "ங்க" வந்ததில்லை. திண்டுக்கல்காரனுக்கு அது வராது. கடைக்காரன்கிட்ட, கண்டக்டர்கிட்டத்தான் சொல்லுவான்.

பதறிப் போயி, பழைய மெஷினையே போட்டுரலாம்னு டிஸ்க்கை எடுத்து மறுக்கா மாட்டினேன். டிக்குன்னுச்சு. மறுக்கா டிக். சுத்தவே இல்லை. அத்தனை வயசு டிஸ்க்கைக் கழட்டி ஆறு வாரம் ஆற வெச்சா, உள்ள தட்டைப் படிக்கற முள்ளு தட்டோடவே ஒட்டிக்குமுங்க, உங்களுக்குத் தெரியாததா. ரெண்டு நாள்ல ஒரு மெமரி கார்டுல அந்தக் காப்பியைப் போட்டு இதுக்குள்ள சொருகினேன். எந்திரிச்சுக்கிச்சு. ஒன்றரை நிமிஷம். சத்தமே இல்லை. அவனைக் கூட்டிட்டு வந்து உக்கார வெச்சோம். தலையைச் சாச்சுப் பாத்தான். "ஓடுதுங்களா?"ன்னு கேட்டான். பொறவு ஸ்டெல்லா பக்கம் திரும்பி, "வீட்டுக்குப் போலாமா?"ன்னான்.

அப்புறம் நாலு ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வந்தோம். அந்த டிஸ்க்கு சத்தத்தை எங்கிருந்தோ புடிச்சு ஸ்பீக்கர்ல கூடப் போட்டுப் பாத்தேன். கை எந்திரிக்கலை.

அந்த நாலாவது ஞாயித்துக்கிழமை நான் அழுதேன். "நான் டிஸ்க்கைக் கழட்டியிருக்கக் கூடாதும்மா"ன்னு ஸ்டெல்லாகிட்டச் சொன்னேன். அவங்க ஒரு டம்ளர் தண்ணி கொண்டாந்து குடுத்தாங்க. பொறவு, "அண்ணா, அவர் மெஷினைப் பாக்கவா வந்தாரு? உங்களைப் பாக்கத்தானே வந்தாரு"ன்னாங்க. பாவம், அவங்களுக்கு டெக்னிக்கலாத் தெரியாது. அது ஓடினாத்தானே அவனுக்கு என்னை அடையாளம் தெரியும்! ஆனா எதுத்துப் பேசலை. அவங்க இருந்த நெலைமையில எப்படிங்க பேசறது.

அந்த வீடியோவை நான் குரூப்புல போடலை. அழிக்கவும் இல்லை. எல்லாம் போன்லயே கெடக்குது. ஒரே ஒருக்கா பாத்தேன். நான் பட்டனைத் தட்டறதுக்கு முன்னால, உக்காந்த ஒடனே, அவன் கையை என்ற முழங்கைப் பக்கம் கொண்டு வர்றான். நான் போனைச் சரி பண்ணறதுக்கு எந்திரிச்சுட்டேன். கை சித்தெ நேரம் அந்தரத்துலயே நிக்குது. பொறவு மடிக்குப் போயிருது. இதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியலீங்க. நீங்க படிச்சவங்க. அது பழக்கத்துல வர்றதுதானுங்களே? வேற ஒண்ணும் இல்லீங்களே?

காப்பி ஆறிப்போச்சு பாருங்க. குடிங்க.

இப்ப அவன் இங்க வர்றதில்லை, ஆட்டோவுல ஏத்தினா பயந்துக்கறான். நான்தான் போறேன். போன ஞாயித்துக்கிழமை போனேன். ஸ்டெல்லா கதவைத் தெறந்தாங்க. அவன் ஹால்ல, வெளுத்த சட்டை போட்டு, தலை சீவி, சேர்ல உக்காந்திருந்தான். கிட்டப் போயி உக்காந்தேன். என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, "கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்தீங்களா?"ன்னு கேட்டான். நான் ஆமாங்கன்னேன். வேற என்ன சொல்றதுங்க.

"வேண்டாங்க, நீங்க சிரமப்படாதீங்க. எனக்கு ஒரு ஃப்ரெண்டு இருக்கான். அவன் பாத்துக்குவான். அவன் வீட்டுக்குத்தான் நான் போவேன்"ன்னான்.

"அவரு இப்ப வர்றதில்லீங்களா?"ன்னு கேட்டேன்.

"வேலையா இருக்கானாம்."

"அவரு மேல கோவமுங்களா?"ன்னேன்.

"சேச்சே"ன்னு கையை ஆட்டினான். "அவன் மேல என்ன கோவம். வேலை முடிஞ்சா கூப்புடுவான்." பொறவு என்ற பக்கமாக் குனிஞ்சு, ஸ்டெல்லாவுக்குக் கேக்காத மாதிரி மெதுவாச் சொன்னான்: "உங்களுக்கு அவனைத் தெரியுமாங்க? தெரிஞ்சா, நான் சட்டை மாத்திட்டு ரெடியாத்தான் இருக்கேன்னு சொல்லுங்க."

சொல்றேனுங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.